ரூத்தம்மாளின் கரண்டு சீட்டு

காரின் முன்சீட்டு மறுபடியும் பின்னால் போயிருந்தது.

"ஏறிக் காட்டட்டா தம்பி?" என்று கேட்டார் ரூத்தம்மாள். நான் பதில் சொல்லுமுன் சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காரின் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

முதுகை நன்றாகச் சாய்த்தார். கால்கள் தரையைத் தொடவில்லை. பிரேக்குக்கும் அவருடைய பாதத்துக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. வேதக்கோயில் பெஞ்சில் ஏற்றி உட்கார வைத்த சின்னப் பிள்ளை மாதிரி, இரண்டு பாதங்களும் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன.

"நேத்து மத்தியானம் முன்னால கொண்டாந்து நிறுத்திட்டு எறங்கினேன். சாயங்காலம் வந்து பாத்தா இப்பிடி நிக்குது. நீ நல்லாக்கிட்டேன்னு சொல்லிட்டுப் போன வண்டியாக்கும் இது."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டத்து நடுவில் இருந்த அந்தக் கார் ஷெட்டில், கையில் திருப்புளியோடு நான் நின்ற நிற்பு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. வெளியே மழை விட்டு மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் புகைப்புரையிலிருந்து ரப்பர் வாடை வந்தது. முதலில் குமட்டும், பிறகு பசிக்க வைக்கும் ஒரு வாடை அது.

துரை விட்டுப்போன வண்டி

நாங்கள் இன்னும் திருவிதாங்கூர்–கொச்சிக்காரர்களாக இருந்த காலம். நாகர்கோவிலில் நான் பட்டறை போட்டு அதிக நாள் ஆகவில்லை. சண்டைக் காலத்தில் ராணுவப் பட்டறையில் லாரிகளோடு கிடந்தவன் நான் என்று இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். ஊருக்கு வந்து, கல்யாணம் செய்து, ஓலைக் கொட்டகை போட்டு, பஸ்களுக்கும் லாரிகளுக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய கார் எதுவும் என் கொட்டகைக்குள் வந்ததில்லை.

அப்படியிருக்கும்போது ஞானசிகாமணி முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்தது.

முதலாளி என்றால் மலையளவு தோட்டம் வைத்திருந்தவர் என்று நினைக்க வேண்டாம். நடுத்தரமான ரப்பர் தோட்டம். ஆனால் ஒரு அமெரிக்கக் கார் வைத்திருந்தார். பக்கத்து எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரத் துரை கொடுத்துவிட்டுப் போனது. பச்சை நிறம். ஊரில் நுழைந்தால் பஸ்ஸுக்கு வழி இருக்காது.

அந்தக் காரில் ஒரு அதிசயம் உண்டு. முன்சீட்டு தானாக நகரும்.

மற்ற வண்டிகளில் சீட்டுக்கு அடியில் ஒரு கம்பி இருக்கும். அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு உடம்பால் உந்தினால் சீட்டு சறுக்கும். இதில் கம்பி கிடையாது. சீட்டின் பக்கவாட்டில், கதவோரமாக ஒரு பொத்தான். முன்னால் தள்ளினால் எங்கேயோ ஒரு உறுமல் கேட்கும், முன்சீட்டு முழுவதும் அப்படியே முன்னால் வரும். பின்னால் தள்ளினால் சத்தமில்லாமல் பின்னால் போகும். தோட்டத்து ஆட்கள் இதற்கு வைத்திருந்த பெயர் 'கரண்டு சீட்டு'. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் நிற்குமாம்.

முன்சீட்டு முழுவதும் என்று சொன்னேன் அல்லவா. அதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இந்தக் காலத்து வண்டிகளைப் போல டிரைவருக்கு ஒன்று, பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்று என்று இரண்டு சீட்டு அல்ல. கதவுக்குக் கதவு ஒரே பெஞ்சு. நகர்ந்தால் மொத்தமும் நகரும்.

நாற்காலியிலிருந்து ஒரு பாடம்

முதலாளி ஆறடிக்கு மேல். கை காலெல்லாம் நீளம். அவருடைய மனைவி ரூத்தம்மாளோ என் தோளுக்குக் கீழே நிற்பார். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால், கோயிலுக்கு அப்பாவும் மகளும் போகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்களாம். ரூத்தம்மாளே சொல்லிச் சிரித்தார்.

ஒரு நாள் காலையில் ரப்பர்ப் பால் எடுக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்த முதலாளி அப்படியே சரிந்தார். இடது பக்கம் முழுவதும் வாதம். உயிர் தங்கியது. பேச்சும் தங்கியது, கொஞ்சம் குழறலோடு. இடது கையும் இடது காலும் திரும்பவில்லை. கிளச்சு மிதிக்கும் கால் அது. அதோடு அவருடைய கார் ஓட்டமும் நின்றது.

வாரந்தோறும் சமவெளியில் இருந்த ஆஸ்பத்திரிக்கு அவரைக் கொண்டுபோக வேண்டும். டிரைவர் ஒருவர் வந்தார், போனார். அடுத்தவர் குடித்தார். மூன்றாவதாக ரூத்தம்மாள், "நானே ஓட்டுகேன்" என்றார். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது அவருக்கு.

கற்றுக்கொடுத்தது முதலாளிதான். காருக்குள் இருந்து அல்ல. ரப்பர் ஷீட்டு காயப்போடும் முற்றத்தின் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். ரூத்தம்மாள் அவரைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார். முதலாளி கைத்தடியை நீட்டி நீட்டிச் சத்தம் போடுவார்.

"கிளச்ச பைய விடு! பைய! ஏட்டி, அது அம்மிக்கல்லு இல்ல, இந்தா அளவுக்கு மிதிச்சா போதும்!"

"நீங்க கத்தாண்டாம். கத்தினா எனக்கக் காலு நடுங்குது!"

இது தோட்டத்து ஆட்கள் எனக்கு நடித்தே காட்டியது. பால் எடுத்து முடித்தவர்கள் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின் மேல் உட்கார்ந்து பார்ப்பார்களாம். கடைசியில் ரூத்தம்மாள் நன்றாகவே ஓட்டக் கற்றுக்கொண்டார். கரண்டு சீட்டை முழுக்க முன்னால் கொண்டுவந்தால் அவருடைய கால் எட்டியது. அந்தச் சீட்டு இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை.

பழுது எங்கே?

முதல் தடவை நான் போனபோது ரூத்தம்மாள் என்னைத் தனியாக ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், தாழ்ந்த குரலில் பேசினார்.

"முதலாளிக்கு இது தெரியப்பிடாது, கேட்டியா? மருந்து வாங்கப் போயிட்டுத் தனியா வந்திட்டிருந்தேன். எறக்கத்தில பிரேக்க மிதிச்சேன். மிதிக்க மிதிக்க சீட்டு பின்னால போகுது. மிதி எனக்கக் காலுக்கு எட்டல. வளைவு வருது. கைப்பிரேக்க ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தேன். வண்டி மண்திட்டில போய் முட்டி நின்னுது."

வண்டி எதிர்ப்பக்கம் போயிருந்தால் பள்ளம்.

"இது சரியாகலேன்னா வண்டிய வித்துடுவேன். அவருக்கிட்ட வேற ஏதாவது காரணம் சொல்லிக்கிடலாம்."

நான் சாக்கை விரித்துச் சீட்டுக்கு அடியில் தலையை விட்டேன். இப்படி ஒன்றை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் லாரி பிரேக்குகளோடு பழகியவனுக்கு அதைப் புரிந்துகொள்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. சீட்டுக்கு அடியில் ஒரு உருளை. பானெட்டுக்குள் ஒரு சின்ன மோட்டாரும் பம்பும். பொத்தானை முன்னால் தள்ளினால் மோட்டார் ஓடும். பிரேக்குக்கு ஊற்றும் அதே எண்ணெய் உருளைக்குள் ஏறிச் சீட்டை முன்னால் தள்ளும். பின்னால் தள்ளினால் மோட்டாருக்கு வேலை இல்லை. உருளையின் வாயில் இருக்கும் வால்வு மட்டும் மின்சாரத்தில் திறக்கும். எண்ணெய் திரும்பி ஓடும், இரண்டு பெரிய ஸ்பிரிங்குகள் சீட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். வால்வு மூடியிருக்கும்வரை சீட்டு நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை என்றால் எண்ணெய் எங்கேயோ தப்பிப் போகிறது. வெளியே ஒழுகினால் தரை விரிப்பு நனைந்திருக்கும், எண்ணெய்ப் பாத்திரத்தில் அளவு குறைந்திருக்கும். விரிப்பு காய்ந்து கிடந்தது. அளவும் குறையவில்லை. அப்படியானால் கசிவு உள்ளேயே. வால்வு சரியாக மூடவில்லை.

கழற்றிப் பார்த்தேன். குழாயின் உட்புறம் உரிந்து, நகக்கண் அளவு ரப்பர்த் துணுக்கு ஒன்று வால்வின் வாயில் உட்கார்ந்திருந்தது. ரப்பர்த் தோட்டத்து வண்டியைக் கெடுத்தது ரப்பர். ரூத்தம்மாளிடம் காட்டியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

குழாயை மாற்றினேன். பழைய எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் ஊற்றினேன். பொத்தானையும் பிரித்துச் சுத்தம் செய்தேன். சீட்டு நின்றது. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுவிட்டு, பெரிய வண்டியில் கை வைத்துவிட்டேன் என்ற மிதப்போடு பஸ்ஸேறினேன். வீட்டுக்கு வந்து என் மனைவி தங்கத்திடம் அரைமணி நேரம் அந்தச் சீட்டைப் பற்றியே பேசினேன். "சோறு ஆறுது" என்றாள்.

அடுத்த வாரமே மறுபடி ஆள் வந்தது. சீட்டு திரும்பவும் பின்னால் போகிறதாம்.

சாக்பீஸ் கோடு

இப்போது நான் தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டோம். ரூத்தம்மாள் சீட்டிலிருந்து இறங்கினார். நான் சீட்டை முன்னால் கொண்டுவந்து, அது ஓடும் தண்டவாளத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். பிறகு ஏறி உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தேன். கால் மரத்துப்போனது. இறங்கிப் பார்த்தேன். கோடு போட்ட இடத்தில் இருந்து ஒரு மயிரிழை நகரவில்லை.

வயர் எங்கேயாவது உரசி வால்வுக்கு மின்சாரம் போகிறதோ என்று அடியிலிருந்து பேட்டரி வரைக்கும் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ராணுவப் பட்டறையில் எங்களுக்கு ஒரு பஞ்சாபி ஹவில்தார் இருந்தார். வாரத்துக்கு ஒரு தடவைதான் சிரிப்பார். பழுது நீக்கிய பிறகும் அதே குறை தெரிந்தால், நீ நீக்கியது பழுது இல்லை என்று நினைத்துவிடாதே, அதற்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கும் என்பார். அவரை நினைத்துக்கொண்டேன்.

வால்வு திறக்காமல் சீட்டு பின்னால் போகாது. மின்சாரம் இல்லாமல் வால்வு திறக்காது. பொத்தானைத் தொடாமல் மின்சாரம் இல்லை. அந்தப் பொத்தானுக்குச் சாவி தேவையில்லை. அப்படியானால் யாரோ தொடுகிறார்கள்.

ஷெட்டுக்குக் கதவு கிடையாது. தோட்டத்துப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்கிறார்களோ என்று சந்தேகப்பட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ரூத்தம்மாள் ஷீட்டு பார்க்கப் புகைப்புரைக்குப் போனார். தினமும் போவாராம். நான் கை கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டுத் திரும்பினேன்.

ஷெட்டுக்குள் தடி ஊன்றும் சத்தம் கேட்டது.

உள்ளே ஒருவர்

ஞானசிகாமணி முதலாளி காரின் வலதுபக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளை வேட்டி, கை வைத்த பனியன். முதுகு வண்டிப் பக்கம் இருக்கும்படி திரும்பி, தட்டுத் தடுமாறி, சீட்டின் விளிம்பில் உட்கார்ந்தார். தடியைக் கதவில் சாய்த்தார். பொத்தானைத் தள்ளினார். டக்கென்று ஒரு சின்னச் சத்தம். சீட்டு அவரையும் சுமந்துகொண்டு வழுக்கிப் பின்னால் போனது. இடம் கிடைத்ததும் உடம்பை மெல்ல உள்ளே திருப்பினார். பிறகு இடது காலை வலது கையால், தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல முழங்காலுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கி உள்ளே வைத்தார்.

ஸ்டீரிங்கின் மேல் வலது கையை வைத்தார். அவ்வளவுதான். வேறு ஒன்றும் செய்யவில்லை.

நான் திரும்பிப் போயிருப்பேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏலே, அங்க நிக்காண்டாம். இங்க வா."

போய்க் கதவருகில் நின்றேன்.

"கண்டுட்டியா மக்கா?"

"கண்டேன் முதலாளி."

"அவகிட்ட சொல்லாண்டாம்."

நான் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தேன்.

"வண்டிய எடுக்க மாட்டேன். சாவி அவகிட்ட இருக்கு. இந்தக் காலு இனி கிளச்ச மிதிக்காது, அது எனக்குத் தெரியும். சும்மா இருக்கேன். கொஞ்ச நேரம்."

சொற்கள் குழறின. ஆனால் விளங்கின.

எனக்கு ஒரு சந்தேகம். "எறங்கும்போது சீட்ட முன்னால விட்டிருந்தா அம்மாவுக்குத் தெரிஞ்சே இருக்காதே?"

"முன்னால கொண்டாந்தா எனக்க முட்டு இடிக்கும். காலத் தூக்கி வெளிய வைக்க முடியாது. எறங்கின பிறகு பொத்தான எட்டணும்னா குனியணும். குனிஞ்சா விழுவேன்."

பாதி முகம்தான் சிரித்தது. "முந்தி அது தானே பின்னால போயிட்டு இருந்துதா? அப்போ ஆருக்கும் தெரியல. நீ வந்து நல்லாக்கினே. நான் மாட்டிக்கிட்டேன்."

வால்வு கசிந்த நாட்களில் பழி முழுவதும் சீட்டின் மேல் விழுந்திருக்கிறது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ரூத்தம்மாள் சொன்னது ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றது. அவர் சீட்டை நம்பாமல் ஒவ்வொரு வளைவிலும் நடுங்கிக்கொண்டு ஓட்டுகிறார். முதலாளிக்கு அது தெரியாது. யாரிடமும் சொல்லாதே என்று இரண்டு பேரும் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வாக்கையும் நான் காப்பாற்றினால் வண்டி விற்றுப்போகும்.

நான் சொன்னேன். இறக்கம், பிரேக், இரண்டு கையாலும் இழுத்த கைப்பிரேக், மண்திட்டு, எல்லாம்.

முதலாளியின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன்.

"அவ சொல்லலியே."

"நீங்க கவலப்படுவீங்கன்னு."

ஸ்டீரிங்கை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். பிறகு, என்னிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொன்னாரா என்று தெரியவில்லை, சொன்னார்.

"கலியாணம் கழிஞ்ச நாள் முதலு அவ எனக்கப் பக்கத்தில இருந்துதான் எங்கயும் வருவா. வில்லுவண்டியானாலும் சரி, பஸ்ஸானாலும் சரி. இப்போ அவளுக்குக் காலு எட்டணும்னா சீட்டு முன்னால வரணும். முன்னால வந்தா எனக்க இந்த மடங்காத கால வைக்க இடமில்ல. அதனால என்னப் பின்னால ஏத்தி இருத்துகா. மூட்ட மாதிரி. அங்க இருந்தா அவளுக்கக் கொண்ட மட்டும் தெரியும். நான் ஒண்ணு சொன்னா 'என்னது? என்னது?'ங்குகா. எனக்கு வாய் குழறுது, அவளுக்குத் திரும்பிப் பாக்கப் பயம். ஆஸ்பத்திரி போயி வாற வழி முழுக்க நாங்க பேசதே இல்ல."

வலது கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இங்க இருந்தா, அவ பக்கத்தில இருக்கமாதிரி தோணும். அவ்வளவுதான்."

பக்கத்தில் ஏறி இரு

ரூத்தம்மாள் புகைப்புரையிலிருந்து வந்தபோது முதலாளி இறங்கியிருக்கவில்லை. இறங்க நேரம் இருந்தது, நான் கை கொடுக்கவும் தயாராக இருந்தேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார்.

ஷெட்டு வாசலில் ரூத்தம்மாள் நின்றுவிட்டார். கையில் இருந்த ஷீட்டுத் துண்டு அப்படியே கீழே விழுந்தது.

"ஏட்டி ரூத்து. அந்தப் பக்கமா வந்து ஏறி இரு."

"என்ன இது? ஆரு உங்கள இங்க கொண்டுவந்தது? நீயா தம்பி?"

"அவனில்ல. நீ ஏறு."

ஏறினார். நான் பானெட்டைத் திறந்து அதற்குள் குனிந்துகொண்டேன். பார்க்க ஒன்றும் இல்லை என்றாலும் பார்த்தேன். பேச்சு காதில் விழத்தான் செய்தது.

"சீட்டப் பின்னால தள்ளினது வால்வும் இல்ல, வயரும் இல்ல. நானாக்கும்."

ரூத்தம்மாள் வெடித்தார்.

"வழுக்கு முற்றத்தில தனியா நடந்து வந்தியளா? தினமுமா? விழுந்திருந்தா? நான் புகைப்புரையில நிக்கேன், வீட்டில ஒரு ஆளு இல்ல, விழுந்து கிடந்திருந்தா ஆரு பாத்திருப்பா?"

"நீ வளைவில உருண்டிருந்தா ஆரு பாத்திருப்பா?"

சொன்னது நான்தான் என்று ரூத்தம்மாளுக்குப் புரிந்திருக்கும். நான் பேட்டரியை உற்றுப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு பேசியது தாழ்ந்த குரலில். எனக்குக் கேட்கவில்லை. கேட்க முயலவும் இல்லை. ஒரு தடவை ரூத்தம்மாள், "கொண்ட மட்டுமா தெரியும்?" என்று கேட்டதும், அதற்கு முதலாளி ஏதோ சொன்னதும், ரூத்தம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்ததும் மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி, அந்த மூடிய மூடிட்டு இங்க வா" என்று கூப்பிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் மாறியிருந்தது. தோட்டத்து வேலையை ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் குரல்.

"சீட்டு எனக்கக் காலுக்குப் பக்கத்தில வரணும்னா அவருக்கு இடமில்ல. சீட்டு இங்கயே நிக்கட்டு. மிதி எனக்கக் காலுக்குப் பக்கத்தில வந்தா என்ன?"

எனக்கு உடனே பிடிபடவில்லை.

"சின்னப்பிள்ளையில எங்க கோயில்ல கால் ஹார்மோனியம் வாசிக்க எனக்கு ஆசை. காலு எட்டாது. எங்க அப்பா மிதிக்கு மேல ரெண்டு மரக்கட்ட வச்சு ஆணி அடிச்சுத் தந்தாங்க. கலியாணம் வரைக்கும் நான்தான் வாசிச்சேன். அது மாதிரி இதில வைக்க முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லு."

"முடியும்" என்றேன். எத்தனையோ வண்டியைப் பிரித்துப் பூட்டியவன் நான். இது எனக்குத் தோன்றவில்லையே என்று அன்று இரவு தங்கத்திடம் சொல்ல நினைத்தேன். ஆனால் அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை.

அயினி மரக்கட்டை

தோட்டத்திலேயே தச்சுவேலை தெரிந்த ஒருவர் இருந்தார். அயினிப் பலகையில் மூன்று கட்டை செதுக்கினோம். கிளச்சுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஆக்சிலேட்டருக்கு ஒன்று. ஆணி போதாது. மிதியின் பின்பக்கமாக இரும்புத் தகடு கொடுத்து போல்ட் போட்டு முடுக்கினேன். மேலே காலுக்கு வழுக்காமல் இருக்க ரப்பர் ஷீட்டு வெட்டி ஒட்டினோம். அதற்கு மட்டும் அந்த வீட்டில் பஞ்சம் இல்லை.

முதுகுக்கு இலவம்பஞ்சு அடைத்த ஒரு திண்டு. ரூத்தம்மாளே உட்கார்ந்து தைத்தார். சீட்டு இனி எவருடைய முழங்கை பட்டும் நகரக்கூடாது என்று பொத்தானுக்கு வரும் வயரைக் கழற்றித் துணி சுற்றிக் கட்டினேன். ஊரே பார்க்க வந்த அதிசயத்தை நானே நிறுத்திவைக்கிறோமே என்று கொஞ்சம் வருத்தம்தான்.

"போகட்டு மக்கா" என்றார் முதலாளி. "நல்லா ஓடினது போதும்."

மறுநாள் முற்றத்தில் ரூத்தம்மாள் ஓட்டிப் பார்த்தார். முதல் சுற்றில் வண்டி குதிரை மாதிரி துள்ளியது. ஒரு கட்டையைக் கழற்றி, சீவி, மறுபடி மாட்டினேன். மூன்றாவது தடவை பிரேக் பதமாகப் பிடித்தது. இறங்கி வந்து என் கையைப் பிடித்து, "கொள்ளாம்" என்றார். எங்கள் பக்கத்தில் அது பெரிய பாராட்டு.

நாகர்கோவில் வரைக்கும்

என்னைக் கொண்டுபோய் விடுகிறோம் என்றார்கள். பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை. முதலாளியை முன்னால் இடதுபக்கம் ஏற்றினோம். நீட்டிய காலுக்குத் தாராளமாக இடம் இருந்தது. நான் பின்சீட்டில் ஏறினேன்.

கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறியதும் ரூத்தம்மாளுக்கு உதறல் வந்துவிட்டது. முற்றத்தில் ஓட்டுவது வேறு. புதுக் கட்டையில் கால் சரியாக இருக்கிறதா என்று அடிக்கொருதரம் குனிந்து குனிந்து கீழே பார்த்தார். வண்டி ஓரத்துக்குப் போனது. எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது.

"கீழ பாக்காத ரூத்து. ரோட்ட மட்டும் பாரு. கியர எனக்கிட்ட விடு."

அந்த வண்டியில் கியர்த் தண்டு ஸ்டீரிங்குக்குக் கீழே இடதுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். முதலாளிக்கு நல்ல கை வலது கை. அது ரூத்தம்மாளுக்கு அடுத்தாற்போல் இருந்தது.

"செகண்டு" என்றார் ரூத்தம்மாள், கிளச்சை மிதித்துக்கொண்டு.

கை நீண்டு வந்து தண்டை இழுத்தது. வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் மாறியது. நான் மெக்கானிக். அப்படி ஒரு மாற்றலைக் கேட்டுப் பல நாளாகியிருந்தது.

"தேர்டு."

மாறியது.

தக்கலை வரும் வரைக்கும் ரூத்தம்மாள் சொல்லிக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு சொல்வது குறைந்தது. அவர் காலைத் தூக்கும்போதே முதலாளியின் கை தண்டுக்குப் போய்விட்டது. இடையில் இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஷீட்டு இந்தத் தடவை சரியாகக் காயவில்லை என்பது பற்றி, மூத்த மகளுக்குப் பேறுகாலம் பார்க்க யார் போவது என்பது பற்றி, கோயில் ஓட்டுக்கூரை ஒழுகுவது பற்றி. என்னை மறந்தே போனார்கள். நானும் சத்தம் காட்டாமல் இருந்தேன்.

பட்டறை வாசலில் இறங்கினேன். பட்டறையை ஒட்டிய வீட்டிலிருந்து தங்கம் வெளியே வந்து நின்றாள். சின்னத் தெரு அது. அந்தப் பெரிய வண்டியைத் திருப்ப வேண்டும். பின்னால் போய், முன்னால் வந்து, மறுபடி பின்னால் போய், எங்கள் கொட்டகைக் கம்பத்தில் உரசாமல் திருப்பினார்கள். ரூத்தம்மாளின் தலை ஸ்டீரிங்குக்கு மேலே எட்டிப் பார்த்தது. பக்கத்தில் அந்த நீண்ட கை வந்து வந்து போனது. தெருவில் நின்றவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள்.

முதலாளி கையைத் தூக்கிக் காட்டினார். வண்டி நகர்ந்தது.

தங்கம் என்னைப் பார்த்தாள்.

"வண்டி ஓட்டுதது ஆரு? அந்த அம்மாவா, அவரா?"

"ரெண்டு பேரும்" என்றேன்.

கேலி செய்கிறேன் என்று நினைத்து அவள் உள்ளே போய்விட்டாள். நான் தெருவிலேயே நின்றேன். வண்டி முக்கு திரும்பி மறைந்தது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. செகண்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து, தேர்டும் விழுந்தது.